கரடி என்று நான் எழுதிய விலங்கு

1994ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று எனக்கு இரவுப்பணி. உள்நாட்டுச் செய்திகளெல்லாம் அச்சுக்கோப்புக்குப் போன பின்னர் உட்பக்கமொன்றின் கீழ் மூலையில் ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது. தொலை அச்சுப்பொறி துப்பியிருந்த தாள் ஒன்றைக் கிழித்து என்னிடம் நீட்டிய செய்தி ஆசிரியர், "தம்பி, இதைப் பத்து வரியிலை போட்டுவிடும்" என்றார். தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் புதிய அணைக்கட்டு ஒன்றின் நீர் காட்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது, மர உச்சிகளில் அகப்பட்டுக்கொண்ட விலங்குகளை வள்ளங்களில் சென்று மீட்கிறார்கள் என்பது செய்தி. மீட்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் 'ஸ்லோத்' என்றொரு பெயர் இருந்தது. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தமிழும் வரலாறும். மேசையிலிருந்த அகராதியைப் புரட்டினேன். 'சோம்பல்' என்றது. அதற்கு அடுத்த வரியில் 'ஸ்லோத் பெயர்: கரடி வகை' என்றிருந்தது. நான் தயங்காமல் 'கரடிகள்' என்று எழுதி, தலைப்பிலும் கரடியையே போட்டேன்.

மூன்று கிழமைகள் கழித்து மட்டக்களப்பிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். தென்னமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லோத் வேறு, நமது வன்னிக் காட்டிலும் யாலவிலும் அலையும் கரடி வேறு, இரண்டும் உறவுகூட இல்லை, தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள் என்று பொடி எழுத்தில் நெருக்கி எழுதிய அட்டை. செய்தி ஆசிரியரிடம் காட்டினேன். "யுத்தம் நடக்கிற நாட்டிலை கரடிக்குத் திருத்தம் போடவோ?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். திருத்தம் வெளிவரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இக்கட்டுரையை அந்தத் திருத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டை நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். ரொறன்ரோவில் வாழும் என் பெறாமகளின் குடும்பம் அண்மையில் கரீபியன் கடலில் கப்பற் சுற்றுலா போயிருந்தது. ஹொண்டுராஸ் நாட்டுக்குச் சொந்தமான ரோவாட்டான் தீவில் கப்பல் சில மணித்தியாலங்கள் தரித்து நின்றிருக்கிறது. அங்கே பணம் கொடுத்தால் ஸ்லோத்தைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வயதுப் பேத்தியின் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு ஒரு சாம்பல்நிற விலங்கு. பிள்ளை சிரிக்கிறாள். விலங்கும் சிரிப்பதுபோல் இருக்கிறது. குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் எதுவும் போடவில்லை. எதைப் போடுவதென்று தெரியவில்லை. அன்றிரவே பழைய பாவத்தைக் கழிக்கும் நோக்கில் அந்த விலங்கைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் பெயர். ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் இவ்விலங்கைக் கண்ட காலத்திலேயே ஏளனம் தொடங்கிவிட்டது. 1526இல் இதைப் பற்றி எழுதிய ஒவியேதோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர், 'வேகக்காரப் பெரிக்கோ' என்று நையாண்டியாக வழங்கிய பெயரைப் பதிவுசெய்தார். ஆங்கிலம், ஸ்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு, ஜேர்மன் என்று எந்த ஐரோப்பிய மொழியை எடுத்தாலும் இதன் பெயருக்குப் பொருள் ஒன்றுதான்: சோம்பேறி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற இயற்கையியலாளர் பியுஃபோன், உயிரினங்களின் வரிசையில் இதைக் கடைக்கோடியில் நிறுத்தி, குறைபாடே உருவானதொரு பிறவியாகச் சித்திரித்தார். அமெரிக்கக் காட்டில் அவர் கால் பதித்ததே இல்லை.

நமது கரடி இந்தக் கதைக்குள் வந்தது 1791இல். ஜோர்ஜ் ஷோ என்ற ஆங்கிலேயர், இந்தியாவிலிருந்து வந்த ஒரு கரடியின் நீண்ட வளைந்த நகங்களையும் மேற்றாடையில் இல்லாத முன்பற்களையும் பார்த்து, இது ஸ்லோத்தின் இனம் என்று முடிவுகட்டி அவ்வாறே விஞ்ஞானப் பெயரும் சூட்டிவிட்டார். பிழை பின்னர் திருத்தப்பட்டது. ஆங்கிலப் பெயரில் மட்டும் அந்த 'ஸ்லோத்' ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இலண்டனில் ஒருவர் கரடியை ஸ்லோத் ஆக்கினார். இருநூறு ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் ஒருவன் ஸ்லோத்தைக் கரடியாக்கினான். கணக்குச் சரி.

இந்த விலங்கின் பக்கம் நின்று முதலில் உரக்கப் பேசியவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் வோட்டர்ட்டன். பிரித்தானிய கயானாவின் தெமராராப் பகுதிக் காடுகளில் அலைந்தவர். பிற்காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த அதே நாடு. ஸ்லோத் ஒன்றைச் சில மாதங்கள் தன் அறையிலேயே வைத்துக் கவனித்த அவர், 1825இல் வெளியான தமது பயண நூலில் சொன்ன விடயம் மிக எளிமையானது. இதைத் தரையில் வைத்துப் பார்த்தவர்கள்தாம் இதைப் பரிதாபத்துக்குரிய பிறவி என்கிறார்கள். மரத்தில் வைத்துப் பாருங்கள், இதற்கு ஒரு குறையும் இல்லை என்பதே அவருடைய வாதம். கிளைக்குக் கீழே தொங்கி, தொங்கியபடியே உண்டு, உறங்கி, ஈன்று வாழ்வதற்கென்றே அமைந்த உடலைத் தரையில் கிடத்திவிட்டு நடக்கத் தெரியவில்லை என்று குறைசொல்வது, மீனைத் திண்ணையில் போட்டு நீந்தத் தெரியவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

இந்தச் 'சோம்பேறி' என்ற சொல்லின் வரலாறு நமக்குப் புதிதன்று. கோப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரத் துரைமார், தங்கள் வயலை விட்டுக் கூலிக்கு வர மறுத்த கண்டிய விவசாயியைச் சோம்பேறி என்றனர். அந்தச் சொல்லையும் ஒரு நியாயமாகக் காட்டியே தமிழகத்திலிருந்து நம்மவர்களை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தனர். மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலத்தாஸ், மலாயா, ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்கள்மீது சுமத்தப்பட்ட இதே பழியைப் பற்றி 1977இல் ஒரு நூலே எழுதினார். விலங்கையும் மனிதரையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பார்த்தவன் எங்கே நின்று பார்த்தான் என்று கேட்கும் பழக்கம் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது. அதை ஒரு விலங்குக்கும் பிரயோகிக்கிறேன், அவ்வளவே.

2008இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னால் விளங்கும். கூண்டில் வளர்க்கப்பட்ட ஸ்லோத்துகளை வைத்து இவை நாளொன்றுக்குப் பதினாறு மணித்தியாலம் உறங்குகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், காட்டில் சுதந்திரமாக வாழும் மூவிரல் ஸ்லோத்துகளின் தலையில் மூளையின் மின்னலைகளைப் பதியும் சிறு கருவியைப் பொருத்தி விஞ்ஞானிகள் முதல்முறையாக அளந்தார்கள். சராசரி 9.63 மணித்தியாலங்கள். விடுமுறை நாளில் நான் தூங்குவதைவிடச் சற்றே அதிகம். கூண்டுக்குள் வேளாவேளைக்கு உணவு வர, அஞ்சுவதற்குக் கழுகும் இல்லாத நிலையில் விலங்கு தூங்கியது. அந்தத் தூக்கத்தை அதன் இயல்பு என்று நாம் எழுதிவைத்தோம்.

மெதுவாக அசைவது உண்மைதான். இலையை உண்டு வாழ்வது இலேசான காரியமில்லை; அதில் சக்தி குறைவு, நஞ்சு அதிகம். பல அறைகள் கொண்ட இரைப்பையில் ஒருவேளை உணவு முற்றாகச் சமிக்க ஒரு மாதம்வரைகூட எடுக்கலாம். வரவு சொற்பம் என்பதால் செலவும் சொற்பம். பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த அனுசேப வீதம் உடையவற்றுள் இதுவும் ஒன்று. உடல் வெப்பநிலையைக்கூட நம்மைப்போல் ஒரே நிலையில் வைத்திருக்காமல் சூழலோடு ஏறி இறங்க விடுகிறது. உரோமத்தில் பச்சைப்பாசி வளர்கிறது. அசைவைக் கண்டே இரைமீது பாயும் ஹார்ப்பிக் கழுகுக்கு, பச்சை படிந்து அசையாமல் தொங்கும் இவ்வுருவம் இலைக்கொத்தாகவே தோன்றும். ஏறத்தாழக் கிழமைக்கு ஒருமுறை மலங்கழிக்க மாத்திரம் மரத்திலிருந்து இறங்குகிறது. ஏன் இந்த ஆபத்தான பயணம் என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். நீந்தவும் தெரியும், அதுவும் நன்றாகவே. யானையளவு பருத்த இதன் தரைவாழ் உறவினர்கள் பனியுகத்தின் முடிவில் அழிந்துபோனார்கள். தப்பியவர்கள் மரத்திலேறி மெதுவாக வாழ்ந்த இந்தச் சிறியவர்கள்தாம்.

இனி அந்தச் சிரிப்பு. மூவிரல் ஸ்லோத்தின் வாயோரமும் கண்ணோரக் கறுப்புக் கோடும் அமைந்திருக்கும் விதம் அது. பசித்தாலும், நோயுற்றாலும், உயிர் போகும் வேளையிலும் அந்த முகம் அப்படியேதான் இருக்கும். அணைப்பு என்று நாம் கருதுவதும் அணைப்பன்று. பற்றிக்கொள்ளக் கிளை இல்லாதபோது எது அகப்படுகிறதோ அதைப் பற்றிக்கொள்ளும், அது சிறுமியின் கழுத்தாயினும். அச்சம் வந்தால் ஓடித்தப்பும் வேகம் இதற்கு இல்லை. அசையாமல் உறைந்துவிடும். கத்தாத, கடிக்க விரையாத, சிரிக்கும் முகங்கொண்ட ஒரு விலங்கு! உல்லாசப் பயணத் தொழிலுக்கு இதைவிட வாய்ப்பான அடிமை கிடைப்பது அரிது. 2017இல் 'வேர்ல்ட் அனிமல் புரொடெக்சன்' என்ற அமைப்பு, அமேசன் காட்டில் படம்பிடிக்கும் தொழிலுக்காகத் தாய்மரத்திலிருந்து பறிக்கப்பட்ட ஸ்லோத்துகளின் அவலத்தை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் இன்ஸ்டகிராம் நிறுவனம், வனவிலங்குகளுடன் எடுத்த செல்ஃபிகளைத் தேடுவோருக்கு எச்சரிக்கை வாசகம் காட்டத் தொடங்கியது. எச்சரிக்கையை வாசித்துவிட்டு மேலே போக ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள்.

மீட்பு என்ற சொல்லையே நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1964இல் சூரினாமில் அபொபாக்கா அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் ஏறத்தொடங்கியபோது, சர்வதேச விலங்குப் பாதுகாப்பு அமைப்பொன்றின் சார்பில் ஜோன் வோல்ஷ் என்ற அமெரிக்க இளைஞர் உள்ளூர் மக்களோடு வள்ளமேறினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் பத்தாயிரம் அளவிலான விலங்குகளை மரக்கிளைகளிலிருந்து பறித்தெடுத்து மேட்டு நிலங்களில் விட்டார்கள். அவற்றில் ஸ்லோத்துகள் மிகப் பல. என்னைப் போன்ற செய்தியாளனுக்கு அந்த வரலாற்றில் உறுத்தும் ஒன்றுண்டு. அலுமினியத் தொழிலுக்கு மின்சாரம் தர எழுந்த அந்த நீர், தப்பியோடிய ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த சரமாக்கா மக்களின் கிராமங்களையும் மூழ்கடித்தது. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்டனர். விலங்குகளை மீட்ட வள்ளங்களில் உழைத்தவர்கள் அந்த மக்களே. அணையைக் கேள்வி கேட்காத மீட்பு எதுவரை மீட்பு என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. முப்பது ஆண்டு கழித்து நான் 'கரடி' என்று எழுதிய பிரெஞ்சு கயானாச் செய்தியும் இதே நாடகத்தின் மறு அரங்கேற்றந்தான்.

அதே சூரினாமில் 2012 ஒக்டோபரில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமாகப்படுகிறது. தலைநகர் பரமரிபோவுக்கு அருகே ஒரு காட்டுத்துண்டை வெட்டித் தள்ளத் தீர்மானித்தார்கள். 2005 முதல் ஆதரவற்ற ஸ்லோத்துகளைத் தன் வீட்டிலேயே பராமரித்துவந்த மொனிக் பூல் என்ற பெண்ணுக்கு அழைப்பு வந்தது. ஒரு சில விலங்குகள்தாம் இருக்கும் என்று நம்பிப் போனார். மரங்கள் சாயச் சாய ஏறத்தாழ இருநூறு விலங்குகள் வந்தன; குட்டியை மார்பில் சுமந்த தாய்களும் அவற்றில் இருந்தன. அவருடைய வீட்டு அறைகளிலும் தோட்டத்திலும் எங்கு பார்த்தாலும் ஸ்லோத்துகள் தொங்கின. அவர் செய்த காரியங்களில் நான் மெச்சுவது, அவற்றை வைத்துக்கொள்ளாததுதான். இலை பறித்துக் கொடுத்து, தேறியவற்றை விரைவாக வேறு காட்டுக்குக் கொண்டுசென்று மரத்தில் ஏற்றிவிட்டார்.

வைத்துக்கொள்ளாமலிருப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொஸ்டாரிக்காவின் அனுபவம் காட்டுகிறது. அங்கே ஸ்லோத்துகளுக்கு எமன் மூன்று வடிவங்களில் வருகிறான்: மின்கம்பி, நாய், வாகனம். காடு துண்டு துண்டாகிப் போனதால் அடுத்த மரத்துக்குப் போகக் கம்பியைக் கிளையென்று பற்றுகிறது, கருகி விழுகிறது. தாய் இறந்து குட்டி தப்பினால் வேலை அங்கிருந்து தொடங்கும். ஆட்டுப்பால் புகட்ட வேண்டும், பற்றிக்கொள்ளத் துணிப்பொம்மை கொடுக்க வேண்டும். குட்டி மரத்திலிருந்து தவறி விழுந்திருக்கிறது, தாய் அருகில் இருக்கக்கூடும் என்று கருதினால், அதன் அழுகுரலைப் பதிவுசெய்து மரத்தடியில் ஒலிக்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது நான் சற்று நேரம் திரையை விட்டு எழுந்து போனேன்.

தாய் கிடைக்காத குட்டிக்கு எந்த இலையைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று மனிதர் பழக்க வேண்டும். இருவிரல் இனம் ஓரளவு கூண்டுக்கு இணங்கும். மூவிரல் இனம் காட்டிலைகளின்றி நெடுநாள் தாக்குப்பிடிப்பது கடினம். பின்னர் காட்டுக்குள் கூண்டு வைத்து, கதவைத் திறந்துவிட்டு, போவதும் வருவதும் அதன் விருப்பம் என்று விட்டுவிட வேண்டும். கழுத்துப்பட்டியில் வானொலிக் கருவி பொருத்தி மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். 2014இல் மனுவேல் அந்தோனியோ பகுதியில் தொடங்கிய 'ஸ்லோத் இன்ஸ்டிடியூட்' என்ற அமைப்பு இந்தப் பொறுமையைத்தான் தன் தொழிலாகக் கொண்டிருக்கிறது. மின்கம்பிகளுக்கு உறையிடுவதும், வீதிகளுக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டுவதும், தோட்டங்களில் மரம் நடுவதும் அந்நாட்டில் நடைபெறுகின்றன. 2019இல் விலங்குகளோடு செல்ஃபி எடுப்பதற்கு எதிராக அந்நாட்டு அரசு பிரசாரம் தொடங்கியது. 2021இல் ஸ்லோத்தைத் தேசியச் சின்னங்களுள் ஒன்றாகவும் அறிவித்தது.

ஆனால் பணம் எங்கிருந்து வரும்? பராமரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் பார்வையாளரின் கட்டணத்திலும் நன்கொடையிலும் வாழ்கின்றன. பார்வையாளருக்குத் தேவை குட்டியின் முகம். 2010களின் தொடக்கத்தில் குட்டி ஸ்லோத்துகளின் காணொளிகள் உலகெங்கும் பரவியபோது, அந்த அன்பில் ஒரு பகுதி காடு காக்கும் நன்கொடையாயிற்று; இன்னொரு பகுதி எனக்கும் ஒன்று வேண்டும், நானும் ஒன்றைத் தூக்க வேண்டும் என்ற ஆசையாயிற்று. பார்வையாளரை அனுமதித்தால்தான் விழிப்புணர்வு வளரும் என்ற வாதத்தை நான் புறக்கணிக்கவில்லை. நேர்மையோடு அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எனினும் என்னைக் கேட்டால், படலையைப் பூட்டி வைத்திருக்கும் நிலையத்துக்கே என் காசைக் கொடுப்பேன். எத்தனை குட்டிகளைக் காட்டுகிறீர்கள் என்பதையல்ல, எத்தனையைத் திருப்பி அனுப்பினீர்கள், அனுப்பியவை ஓராண்டுக்குப் பின் உயிரோடிருக்கின்றனவா என்பதைத்தான் கேட்க வேண்டும். கையில் தூக்கக் கொடுக்கிற இடம் எதுவாயினும், அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அது மீட்பு நிலையமன்று.

அழிவின் விளிம்பில் நிற்கும் குள்ள ஸ்லோத்தின் கதை இதற்கு உச்சம். பனாமாவின் எஸ்குடோ தெ வெராகுவாஸ் என்ற சிறு தீவு ஒன்றில் மாத்திரம் வாழ்வது. 2001இல்தான் தனியினமென்று விபரிக்கப்பட்டது. 2013 செப்டெம்பரில், இனத்தைக் காப்பாற்ற வெளியே வளர்க்கிறோம் என்று கூறி, அமெரிக்க நீர்வாழ் காட்சியகம் ஒன்று எட்டு விலங்குகளைப் பிடித்துப் பெட்டியிலிட்டு விமான நிலையம்வரை கொண்டுவந்துவிட்டது. ஏற்றுமதிக்கு ஆவணங்களும் கைவசம் இருந்தன. போக்காஸ் தெல் தோரோ மக்கள் விமான நிலையத்தில் திரண்டு வழிமறித்தார்கள். பெட்டிகள் திரும்பின, விலங்குகள் தீவுக்கே கொண்டுபோகப்பட்டன. மீனவரும் கடைக்காரரும் நிறைந்த அந்தக் கூட்டத்துக்கு, மீட்பு என்ற சொல்லைப் படித்தவர்களைவிட நன்றாக விளங்கியிருந்தது.

பெறாமகளுக்கு இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கால்மணி நேரம் வேறு கதை கதைத்தேன். பின்னர் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "சித்தப்பா, அதுகளை அங்கை நல்லா வச்சுப் பாக்கினம் எண்டுதான் சொன்னவை. எல்லாம் மீட்டெடுத்ததாம்" என்றாள். அந்தத் தீவு ஸ்லோத்துகளின் இயற்கை வாழிடமே இல்லை, பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றேன். அவள் மீது எனக்குக் கோபமில்லை. அகராதியை நம்பிக் கரடி என்று எழுதியவன் நான். பெயர்ப்பலகையை நம்பிய அவளை நான் என்ன சொல்வது?

பேத்தி இடையில் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். படத்தை அழிக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வைத்துக்கொள், ஆனால் வேறு எவருக்கும் அனுப்பாதே என்றேன். "தாத்தா, அதுக்கு என்னைப் பிடிச்சிருந்ததோ?" என்று கேட்டாள். அதற்குக் கிளை தேவைப்பட்டது என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, தமிழில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். தமிழ் வகுப்பில் சொல்ல வேண்டுமாம்.

இதுவரை தமிழில் இதற்கு நிலைத்த பெயரில்லை. சோம்பேறி விலங்கு என்றும், அசமந்தம் என்றும், இன்னமும் கரடி என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நான் 'ஸ்லோத்' என்றே எழுதியிருக்கிறேன். பொருள் தெரியாத ஒலியாக அது நம் மொழியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணத்தில். பிள்ளைக்கு மட்டும் அப்போதைக்கு 'கிளைதொங்கி' என்று ஒன்றைச் சொல்லி வைத்தேன். இதைவிட நல்ல பெயர் தெரிந்த வாசகர்கள் எழுதி அனுப்பினால் அவளிடம் சேர்ப்பிப்பேன். மட்டக்களப்பு ஆசிரியர் இன்று இருக்கிறாரோ தெரியாது. அந்த அட்டையை நான் பத்திரப்படுத்தி வைக்கவும் இல்லை.